பிள்ளைகள் ஒதுங்கும் இடங்கள்: மலைத்தோட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கூடலூர், பந்தலூர், குன்னூர், கோத்தகிரி பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் மாலை வகுப்பு எடுக்கவோ, பள்ளி ஆசிரியராகவோ, விடுதிக் காப்பாளராகவோ புதிதாக வருகிறவர்களுக்காக எழுதப்பட்டது இது. உங்கள் வகுப்பில் பலவகைப் பிள்ளைகள் இருப்பார்கள். 1964-ன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்து சேர்ந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள், கொள்ளுப்பேரர்கள் ஒருபுறம். அவர்களுக்காக 1968-ல் அரசு தொடங்கிய தேயிலைத் திட்டம்தான் இன்றைய டான்டீ, அதாவது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம். இன்னொருபுறம் ஜார்க்கண்ட், அசாம் என்று வடக்கிலிருந்து கொழுந்து பறிக்க வந்தவர்களின் பிள்ளைகள். எல்லோரும் வயிற்றுப்பாட்டுக்காக மட்டும் கிளம்பி வந்தவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். துப்பாக்கிச் சத்தம், ஊரடங்கு, ராத்திரியில் கதவைத் தட்டும் ஆட்கள், எரிந்த வீடு என்று ஏதோ ஒன்றைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளையும் அந்தக் கூட்டத்தில் இருக்கலாம். எந்தப் பிள்ளை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நீங்களும் கேட்கக் கூடாது.

கேட்காமல் என்ன செய்ய முடியும்? வன்முறை நடக்கும் ஊரிலும் சரி, அதைவிட்டு வந்த ஊரிலும் சரி, பிள்ளைகள் தங்களுக்கென்று சில இடங்களைப் பிடித்து வைத்திருப்பார்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்புறம், கோவில் திண்ணை, லயன் எனப்படும் தொழிலாளர் வீட்டு வரிசையின் கோடியில் துணி துவைக்கும் கல், பஸ் நிழற்குடை. பயத்தை இறக்கி வைக்கவும், சிரிக்கவும், தனியாக இருக்கவும் அந்த இடங்கள் போதும். அவற்றைக் கண்டுகொள்வது உங்கள் முதல் வேலை. கெடுக்காமல் இருப்பது இரண்டாவது வேலை, அதுதான் கஷ்டம்.

வேறு ஊர்கள் சொல்லித் தருவது

காஸாவில் 2009 முதல் 2011 வரை கோடை விடுமுறை விளையாட்டுகளில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் கடற்கரையில் ஒரே நேரத்தில் பட்டம் விட்டு உலக சாதனை செய்தார்கள். அதே கரையோரத்தில் 2014 ஜூலை 16 அன்று விளையாடிக்கொண்டிருந்த நான்கு சிறுவர்கள் இஸ்ரேலியத் தாக்குதலில் கொல்லப்பட்டார்கள். பிள்ளைக்கு ஆறுதல் தரும் இடமும் ஆபத்தான இடமும் பல சமயம் ஒரே இடம்தான். ‘பாதுகாப்பான இடம்’, ‘பாதுகாப்பில்லாத இடம்’ என்று இரண்டு பத்தி போட்டுப் பிரிக்கும் படிவம் எதையாவது உங்கள் கையில் கொடுத்தால் ஓரமாக வைத்துவிடுங்கள்.

வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் 1969 முதல் புராட்டஸ்டன்ட், கத்தோலிக்கர் என்ற இரு தரப்புக் குடியிருப்புகளுக்கு நடுவே சுவர்கள் எழுப்பினார்கள். சாலையோரக் கற்களில் ஒரு தரப்பு சிவப்பு-வெள்ளை-நீலம் பூசும், மறுதரப்பு பச்சை-வெள்ளை-ஆரஞ்சு பூசும். கல்லின் நிறத்தைப் பார்த்தே யார் தெருவில் நிற்கிறோம் என்று தெரிந்துகொள்ள வேண்டிய ஊர் அது. அப்படிப்பட்ட ஊர்களில் வளரும் பிள்ளைகள் நிலத்தைப் பெரியவர்களைவிடக் கூர்மையாகப் படிப்பார்கள். இங்கே வந்த பிறகும் அந்தப் பழக்கம் போவதில்லை.

மட்டக்களப்பில் 1996-ல், போர் நடந்துகொண்டிருந்தபோதே, வண்ணத்துப்பூச்சித் தோட்டம் தொடங்கினார்கள். தமிழ்க் கிராமத்துப் பிள்ளைகளையும் முஸ்லிம் கிராமத்துப் பிள்ளைகளையும் ஒரே பஸ்ஸில் அழைத்து வந்து களிமண், வண்ணம், கதை, செடிகொடி என்று விட்டுவிட்டார்கள். அப்படியொரு தோட்டம் போட உங்களிடம் பணமும் ஆளும் இருக்காது. ஆனால் மண்ணைப் பிசைவது, ஒரே நேரத்துக்கு ஒரே இடத்துக்குப் போய்வருவது, பெரியவர்கள் வலுக்கட்டாயமாகக் கேள்வி கேட்காதது ஆகிய மூன்றையும் லயன் வாசலிலேயே செய்யலாம்.

முதல் இரண்டு வாரம்: கையில் ஒன்றும் வேண்டாம்

பள்ளி விட்டதிலிருந்து விளக்குப் போடும்வரை நடந்துகொண்டிருங்கள். தினமும் ஒரே வழி, ஒரே நேரம். கொழுந்து எடை போட்டுவிட்டு அம்மாமார் திரும்பும் நேரத்துக்கு முன்னும் பின்னும் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள். அந்த இடைவெளியில், வீட்டில் பெரியவர்கள் இல்லாதபோது, அவர்கள் தேர்ந்தெடுக்கும் இடம்தான் நமக்கு வேண்டியது. யார், யாரோடு, எவ்வளவு நேரம், என்ன செய்துகொண்டு என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

போட்டோ எடுக்காதீர்கள், பெயர்ப்பட்டியல் எழுதாதீர்கள். காரணம் இருக்கிறது. மோதல் நடக்கும் பகுதிகளில் வீடு வீடாகப் போய்ப் பெயர் எழுதுகிறவர், படம் எடுக்கிறவர், ‘அப்பா எங்கே போயிருக்கார்’ என்று பிள்ளையிடம் கேட்கிறவர் என்றாலே ஏதோ ஒரு தரப்பின் உளவாளி என்றுதான் அர்த்தம். புதிதாக ஒருவர் வந்து லயனை வரைபடம் போடுகிறார் என்று தெரிந்தால் அந்தக் குடும்பம் மறுநாளிலிருந்து பிள்ளையை உங்களிடம் அனுப்பாது. மோசமாகப் போனால் அடுத்த வாரம் தோட்டத்தையே மாற்றிக்கொண்டு போய்விடும்.

இந்த இரண்டு வாரத்தில் மலைக்கே உரிய ஒன்று கண்ணில் படும். இங்கே பிள்ளைகளின் இடங்கள் வெயிலைத் தொடர்ந்து நகரும். லயன் வீட்டு அடுப்படிச் சுவரை வெளிப்பக்கம் தொட்டுப் பாருங்கள். உள்ளே விறகு எரிந்தால் இடுப்புயரம்வரை சுவர் வெதுவெதுப்பாக இருக்கும். சுண்ணாம்பு உதிர்ந்து, முதுகு தேய்ந்து அந்த ஓரம் மட்டும் வழவழவென்று கிடக்கும். மாலையில் நாலைந்து பிள்ளைகள் அந்தச் சுவரில் சாய்ந்து வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், பெரும்பாலும் பேசாமல். புதிதாக வந்தவர்கள் ‘ஏன் சும்மா உட்கார்ந்திருக்கீங்க, வாங்க விளையாடலாம்’ என்று கிளப்பி விடுவார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள், உட்காரட்டும். உடம்பு சூடு, பக்கத்தில் ஆள், எதிரே திறந்த வாசல், பின்னால் கெட்டியான சுவர். பயந்து பழகிய பிள்ளைக்கு இதற்கு மேல் ஒரு இடம் அமையாது.

அனுமதி

தோட்டம் தனியார் நிலமோ டான்டீ நிலமோ, பிள்ளைகளோடு அந்த இடங்களைப் படம் போடப் போவதை முதலில் தோட்ட அலுவலகத்தில் சொல்லுங்கள். பிறகு வேலையை மேற்பார்க்கும் மேஸ்திரி, அதன் பிறகு பெற்றோர். ஞாயிற்றுக்கிழமை முற்பகல் துணி துவைப்பதிலும் சந்தைக்குப் போவதிலும் போய்விடும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு போனால் வாசலில் உட்கார்ந்து பேசுவார்கள். ‘பிள்ளைங்க எங்கெங்க விளையாடுதுன்னு படம் போட்டுப் பாக்கப் போறோம், பேரு எழுத மாட்டோம், போட்டோ எடுக்க மாட்டோம்’ என்பது போதும். ஜார்க்கண்ட் குடும்பங்களிடம் இந்தி ஓரளவு செல்லும், வீட்டில் பேசுவது சாத்ரியாகவோ சந்தாலியாகவோ இருக்கலாம். சீக்கிரம் தமிழ் பிடித்துக்கொண்ட பன்னிரண்டு வயதுப் பிள்ளையை மொழிபெயர்க்க உட்கார வைப்பது எல்லோரும் செய்வது. கடைக் கணக்குக்குச் சரி. ஊரில் நடந்தது, வீட்டில் நடப்பது என்று பேச்சு திரும்பினால் அந்தப் பிள்ளையைக் கூட்டத்திலிருந்து எழுப்பி விடுங்கள். தன் அம்மா பட்ட பாட்டைத் தானே வாய்விட்டுச் சொல்லும் நிலைமைக்கு ஒரு பிள்ளையைத் தள்ளக் கூடாது.

தரைப்படம் போடுவது

ஒரு தடவைக்கு எட்டுப் பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். வயது எட்டு முதல் பதினான்குவரை. முதல் தடவை பெண்பிள்ளைகளைத் தனியாகவும் பையன்களைத் தனியாகவும் வையுங்கள், அண்ணன் தங்கையை ஒரே குழுவில் போடாதீர்கள். பெரியவர்கள் இருவர் கட்டாயம். அதில் ஒருவர் அந்த லயனுக்குப் பழக்கமான அக்காவாக இருக்கட்டும். மொத்தம் எழுபத்தைந்து நிமிடம்.

தேவையானவை: வெள்ளை சார்ட் பேப்பர் நான்கு, பின்பக்கம் டேப் ஒட்டி ஒன்றாக்கியது. மெழுகு க்ரேயான் இரண்டு பெட்டி. ஸ்டிக்கர் பொட்டு, பெரியது ஒரு அட்டை, சின்னது ஒரு அட்டை. எரிந்த தீக்குச்சி முப்பது. முடிவில் சாப்பிட வர்க்கியும் டீயும். ஸ்கெட்ச் பேனா வாங்காதீர்கள். ஜூன் முதல் செப்டம்பர்வரை கூடலூர், தேவாலா பக்கம் காற்றே ஈரம். தாள் நமுத்து மை பரவிவிடும். மெழுகு பரவாது.

‘உன் வீட்டை வரை’ என்று தொடங்கினால் தோற்றுப்போவீர்கள். இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு ஆறு, குடிசை, பக்கத்தில் தென்னை மரம் என்று பள்ளிக்கூடப் படம் வந்து விழும். தென்னையே இல்லாத உயரத்தில் வளரும் பிள்ளையும் அதைத்தான் வரையும். தாளின் நடுவில் நீங்களே தண்ணீர்க் குழாயை வரைந்துவிட்டு, ‘இங்கிருந்து ஸ்கூல் பஸ் நிக்கிற இடத்துக்கு எப்படிப் போறது?’ என்று கேளுங்கள். வழி வரும். வழியில் நாய் இருக்கும் வீடு வரும், வழுக்கும் படி வரும், எடைக் கொட்டகை வரும். அரை மணி நேரத்தில் தாள் நிரம்பிவிடும். எட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குத் தாளே வேண்டாம். மண்தரையில் கூழாங்கல், இலை, குச்சி வைத்துச் செய்யட்டும்.

அடுத்து பொட்டு. ‘உனக்குப் பிடித்த இடம் எது’ என்றால் பள்ளிக்கூடம், கோவில் என்று உங்களைச் சந்தோஷப்படுத்தும் பதில்தான் வரும். ‘நேத்து ஸ்கூல் விட்டு வந்ததும் எங்க போனே?’ என்று கேளுங்கள். தனியாகவும் போகிற இடத்தில் பெரிய பொட்டு. யாராவது கூட வந்தால்தான் போகிற இடத்தில் சின்னப் பொட்டு. போகவே போகாத இடத்தில் தீக்குச்சி. நிறத்தைக் குறியாக வைக்காதீர்கள். சிவப்பை ஆபத்து என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள், பிள்ளை அதை மாரியம்மன் கோவிலில் ஒட்டும். பச்சை, காவி, நீலம், சிவப்பு எல்லாமே ஏதோ ஒரு கொடி. எந்தக் கொடியால் ஊரைவிட்டு வந்தார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.

இனிதான் முக்கியமான கட்டம். ‘இப்ப விளக்குப் போட்டாச்சு. இனிமே போகாத இடத்துப் பொட்டை எல்லாம் எடுத்துருங்க.’ ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். நாற்பது பொட்டு ஒட்டிய தாளில் ஏழெட்டு மிஞ்சும். மிஞ்சியவை எங்கே இருக்கின்றன, எங்கிருந்து கூட்டமாக எடுத்தார்கள் என்று பாருங்கள். நாலு மணிக்கு எல்லோரும் கூடும் குழாயடி ஏழு மணிக்கு ஒருவர்கூடப் போகாத இடமாக இருக்கலாம். பல்பு எரியாததாக இருக்கலாம், குடித்துவிட்டு யாரோ உட்காருவதாக இருக்கலாம், காட்டெருமை வருவதாக இருக்கலாம். மூன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு வேறு.

தீக்குச்சி வைத்த இடத்தைப் பற்றிக் கூட்டத்தில் ‘ஏன்’ என்று கேட்காதீர்கள். ஏதாவது ஒரு பிள்ளை தானாக ஊரில் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தால் கேட்டுக்கொள்ளுங்கள், தோண்டாதீர்கள், மற்றவர்களை வரிசையாகச் சொல்ல வைக்காதீர்கள். நடந்த கொடுமையை ஒரே அமர்வில் முழுக்கப் பேச வைத்துவிட்டால் மனப்பாரம் இறங்கிவிடும் என்பது பழைய நம்பிக்கை. அப்படிச் செய்ய வேண்டாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது.

பிள்ளைகள் முன்னே, நீங்கள் பின்னே

படம் போட்ட அடுத்த சில நாட்களில் ஐந்தாறு பேரோடு ஒரு மணி நேரம் நடங்கள். அவர்கள் வழிகாட்டட்டும். மாலை ஐந்துக்குள் லயனுக்குத் திரும்பிவிட வேண்டும். மருந்து அடித்த பகுதிக்குள் இறங்கக் கூடாது. அடித்த நாளை மேஸ்திரியிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கூடலூர் பக்கம் மழைக்காலத்தில் அட்டைக்கு உப்புப் பொட்டலம் போதும். மூடுபனி இறங்கினால் நடையை நிறுத்திவிடுங்கள். யானை நடமாட்டம் என்று காலையில் பேச்சு அடிபட்டால் அன்றைக்கு வேண்டாம்.

பெரியவர்களின் பயத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2024 ஜனவரியில் பந்தலூர் அருகே ஜார்க்கண்ட் தொழிலாளர் தம்பதியின் மூன்று வயதுக் குழந்தையைச் சிறுத்தை கொன்றது. ‘வெளியே போகாதே’ என்று அம்மா சத்தம் போடுவதில் பழைய ஊரின் பயமும் இந்த ஊரின் பயமும் கலந்திருக்கும். பிரித்துப் பார்க்க வேண்டியது உங்கள் பொறுப்பு. சிறுத்தைக்குப் புதர் வெட்டலாம், விளக்குப் போடலாம். பழைய பயத்துக்கு நாளாகும்.

நடக்கும்போது பெண்பிள்ளைகளின் இடங்கள் வேறு மாதிரி இருப்பது தெரியும். பையன்களுக்கு மைதானம், நிழற்குடை, பாலத்துச் சுவர். பெண்பிள்ளைகளுக்கு வேலையோடு ஒட்டிய இடங்கள்தான்: குழாயடி, துவைகல், விறகு எடுக்கும் பாதை. குடத்தை வரிசையில் வைத்துவிட்டு நிற்கும் இருபது நிமிடம்தான் அவர்களின் விளையாட்டு நேரம். வீட்டுக்கு வீடு குழாய் வந்தால் நல்லது, வரவேண்டும். அன்றைக்கே அந்த இருபது நிமிடமும் போய்விடும். பதிலுக்கு வேறு ஒரு இடத்தை அம்மாமார் சம்மதத்தோடு பேசி வாங்கித் தராவிட்டால் அந்தப் பிள்ளை வீட்டுக்குள் முடங்கும்.

சில இடங்களைக் காட்ட மாட்டார்கள். ஒரு சில்வர் ஓக் மரத்தடியோ, உடைந்த கொட்டகையின் மூலையோ, ஒருவருக்கு மட்டும் தெரிந்த இடம். தற்செயலாகப் பார்த்துவிட்டால் பார்க்காதது போலக் கடந்து வந்துவிடுங்கள். பாம்பு, திறந்த கிணறு, சரியும் மண் என்று நேரடி ஆபத்து இருந்தால் மட்டும் அந்தப் பிள்ளையிடம் தனியாக, இன்னொரு பெரியவர் கண்பார்வையில் இருக்கும்போது சொல்லுங்கள்.

சத்தமும் சீருடையும்

புதிதாக வருகிறவர்கள் அதிகம் கோட்டைவிடுவது இங்கேதான். கூடலூர், பந்தலூரில் யானையை விரட்ட ராத்திரியில் பட்டாசு வெடிப்பார்கள். இங்கே பிறந்த பிள்ளை புரண்டு படுத்துத் தூங்கும். துப்பாக்கிச் சத்தம் கேட்டு வளர்ந்த பிள்ளை கட்டிலுக்கு அடியில் போய்விடும், இல்லையென்றால் வெளியே ஓடும். யானை நிற்கிற இருட்டுக்குள் ஓடுவதைவிட ஆபத்து வேறில்லை. குன்னூர் பக்கம் வந்தால் வெலிங்டன் ராணுவ வண்டிகள், சீருடைக்காரர்கள். மாநில எல்லையில் நாடுகாணி, கக்கநல்லா சோதனைச் சாவடிகளில் பஸ்ஸை நிறுத்திப் பையைப் பார்ப்பார்கள். எதுவும் இந்தப் பிள்ளைகளைக் குறிவைத்து நடப்பதல்ல, ஆனால் உடம்புக்கு அது தெரியாது.

மூன்று காரியம் செய்யலாம். பகலிலேயே ஒரு தடவை சொல்லி வையுங்கள்: ‘ராத்திரி டமார்னு கேட்டா அது யானைக்கு, வெடிக்கிறது நம்ம ஆளுங்கதான்.’ சத்தம் கேட்டால் எங்கே போய் உட்காருவது என்று அந்தப் பிள்ளையே வீட்டுக்குள் ஒரு மூலையைத் தேர்ந்தெடுக்கட்டும். அந்த மூலை எது என்று அம்மாவுக்கும் பக்கத்து வீட்டுக்கும் தெரிந்திருக்கட்டும். விடுதியென்றால் இரவுக் காப்பாளருக்குக் கட்டாயம் தெரிய வேண்டும். பள்ளிச் சுற்றுலாவுக்கு எல்லை தாண்டிப் போவதென்றால் சோதனைச் சாவடி வரும் என்பதை முதல் நாளே சொல்லிவிட்டு, அந்தப் பிள்ளையை ஜன்னலோரம் வைக்காமல் ஆசிரியர் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

படத்தை வைத்து என்ன செய்வது

புதிதாக எதையும் கட்டாதீர்கள். இருப்பதைச் சரிசெய்யுங்கள். குழாயடிக்கு ஒரு பல்பு. நிழற்குடையில் ஒழுகும் தகரம். கழிப்பறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள். எத்தனையோ லயன்களில் பெண்பிள்ளைகளின் படத்தில் தீக்குச்சி முதலில் விழும் இடம் கழிப்பறைதான். வெதுவெதுப்பான சுவர் ஓரத்தில் ஈரம் ஏறாமல் நான்கு தட்டைக்கல். இவற்றுக்கு ஊராட்சியிலோ தோட்ட அலுவலகத்திலோ மனு கொடுக்கும்போது பிள்ளைகளின் படத்தைக் காட்டாதீர்கள். ‘இந்த மூன்று இடத்தில் விளக்கு வேண்டும்’ என்று எழுதினால் போதும்.

சுவரில் கார்ட்டூன் வரைவது, ‘குழந்தைகள் நேய இடம்’ என்று போர்டு மாட்டுவது, நன்கொடையாளர் பெயர் எழுதுவது, திறப்பு விழா வைப்பது இவற்றில் ஏதாவது ஒன்று நடந்தாலே பிள்ளைகள் அந்த இடத்தைக் காலி செய்துவிடுவார்கள். பெரியவர்கள் கண்ணில் பட்ட இடம் அவர்களுடைய இடமாக இருப்பதில்லை.

ஒரு படம் எல்லாக் காலத்துக்கும் ஆகாது. மார்ச் மாதப் படம் ஜூலையில் பொய். மேற்கே கூடலூரில் தென்மேற்குப் பருவமழையின்போது ஒரு படமும், கிழக்கே கோத்தகிரியில் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழையில் ஒரு படமும், இரண்டு பக்கமும் வெயில் காலத்தில் ஒன்றும் போடுங்கள். மழையில் வெளி இடங்கள் மூடிக்கொள்ளும்போதுதான் வீட்டுக்குள் நெருக்கடியும் அடிதடியும் கூடும். அந்த மாதங்களில் வகுப்பறையை அரை மணி நேரம் முன்னதாகவே திறந்து, ஒன்றும் சொல்லித் தராமல் விட்டு வையுங்கள்.

உங்கள் கையில் அடங்காதது

வந்து ஒரு மாதம் தாண்டியும் தூக்கமில்லை, படுக்கையில் சிறுநீர் கழிப்பது நின்றுபோய் மறுபடி திரும்பியிருக்கிறது, எந்த இடத்துக்கும் போகாமல் ஒரே மூலையில் கிடக்கிறது, தன்னைத் தானே காயப்படுத்துகிறது என்றால் இடவரைபடம் போதாது. கடைசியாகச் சொன்னதற்கு மட்டும் ஒரு மாதம் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், அன்றைக்கே ஆள் தேடுங்கள். உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மாவட்ட மனநலத் திட்டத்தினர், தொலைபேசியில் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416. யாராவது தொடக்கூடாத விதத்தில் தொட்டதாகப் பிள்ளை சொன்னால் ‘யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள். 2012-ன் போக்சோ சட்டப்படி தெரிந்தவர் புகார் கொடுத்தே ஆக வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கூப்பிடுங்கள். தூண்டித் துருவி விசாரிப்பது உங்கள் வேலை இல்லை.

நடுவில் புதுக்குடும்பம் வந்து இறங்கினால், அந்த வீட்டுப் பிள்ளைக்கு லயனைச் சுற்றிக் காட்ட நீங்கள் போகாதீர்கள். அதே வயதுப் பிள்ளை ஒன்றை அனுப்புங்கள். எங்கே நாய் கடிக்கும், எந்த அக்கா வர்க்கி தருவார், எந்தச் சுவர் சூடாக இருக்கும் என்பதெல்லாம் பாஷை தெரியாமலே ஒரு சாயங்காலத்தில் கைமாறிவிடும். நீங்கள் மாற்றலாகிக் கிளம்பும்போது வரைந்த தாள்களை அலுவலகத்தில் கோப்பு போட்டு வைக்காதீர்கள். பிள்ளைகளிடமே கொடுத்துவிடுங்கள். வேண்டாம் என்றால் அவர்கள் முன்னாலேயே அடுப்பில் போட்டுவிடுங்கள். அடுத்து வருகிறவர் மறுபடி இரண்டு வாரம் நடக்கட்டும்.